மூலத்துக்கும் மலச்சிக்கலுக்கும் கடல்பாசி: எந்தப் பாசி, எவ்வளவு, எப்படிக் காய்ச்சுவது?

வேலிப்பருத்தி (கேள்வி)

வணக்கம். வீட்டுப் பெரியவருக்கு வயது 62. உள்மூலம், இரண்டாம் நிலை. மருத்துவர் பார்த்துவிட்டார், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் முடிந்தது, வேறு கோளாறு எதுவும் இல்லை. நார்ச்சத்தும் தண்ணீரும் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். மலம் இறுகிப் போகிறது, முக்கினால் ரத்தம் சொட்டுகிறது. இசப்கோல் அந்த வழவழப்புப் பிடிக்காமல் தொண்டையிலேயே நிற்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார். சாப்பிட்ட பிறகு உப்புசமும் நெஞ்சு கரிப்பும் உண்டு. காலையில் தைராய்டு மாத்திரை, இரவில் ரத்த அழுத்த மாத்திரை.

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து காய்ந்த கஞ்சிப்பாசி அரைக் கிலோ வந்திருக்கிறது. "காய்ச்சிக் குடித்தால் மூலச்சூடு தணியும், வயிறு இளகும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் வாங்கிய சைனா கிராஸும் இருக்கிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யுமா? கஞ்சிப்பாசியை எப்படிச் சுத்தம் செய்து, எவ்வளவு தண்ணீரில், எத்தனை நேரம் காய்ச்ச வேண்டும்? ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் ஒத்துப்போகுமா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தீவுக்கரை

முதலில் வந்திருப்பது கஞ்சிப்பாசிதானா என்று பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் "பாசி" என்று ஒரே சொல்லில் நாலைந்து சரக்கு போகும்.

கஞ்சிப்பாசி மெல்லிய உருண்டை நூல் மாதிரி, கவட்டை கவட்டையாகப் பிரிந்து கொத்தாக இருக்கும். மரிக்கொழுந்துப் பாசி குட்டை, கம்பி மாதிரி விறைப்பு, இரண்டு பக்கமும் இறகு போலச் சின்னக் கிளை. இந்த இரண்டும் சிவப்புப் பாசி, இரண்டிலிருந்தும் எடுப்பது அகர், அதாவது கடையில் சைனா கிராஸாக விற்கிற உறைகூழ்ப் பொருள். பெப்சிப் பாசி என்று சொல்வது மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது, விரல் தடிமனில் சதைப்பற்றாக இருக்கும். அதில் இருப்பது அகர் இல்லை, கராகீனன் என்ற வேறு கூழ்ப்பொருள். கட்டக்கோரை பழுப்பு நிறம், இலையும் சின்னச் சின்னக் காற்றுக்குமிழுமாக இருக்கும். பக்கோடா பாசி பெயருக்கேற்ப முரட்டுத்துண்டுகளாக, ஓரம் பல் பல்லாக இருக்கும். கட்டக்கோரையும் பக்கோடாவும் ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருள் எடுக்கிற ஆலைக்குப் போகிற சரக்கு. அடுப்பில் ஏற்றுகிற சரக்கு இல்லை. உங்கள் மூட்டையில் இந்த இரண்டும் கலந்திருந்தால் ஒரு துண்டு விடாமல் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது, இது எங்கே காய்ந்தது என்று கேளுங்கள். ஆலைக்குப் போகிற பாசியை மணலிலும் ரோட்டோரத்திலும் கொட்டிக் காயவைப்பார்கள். வீட்டுக்கென்று அலசிப் பாயில் காயவைத்தது வேறு. முதல் வகை என்றால் மதுரைப் பக்கம் இருக்கிற அகர் ஆலைக்குத்தான் அது சரி. அங்கே கழுவி, காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்து அழுக்கையெல்லாம் நீக்கிவிடுவார்கள். வீட்டுப் பாத்திரத்தில் அது முடியாது.

சரியான சரக்கு என்றால் இப்படிச் செய்யுங்கள். 50 கிராம் எடுத்து வெள்ளைத் துணியில் உதறிப் பரப்புங்கள். சிப்பித்துண்டு, பவளப்பொடி, தூண்டில் நரம்பு, வேறு பாசி எல்லாம் பொறுக்குங்கள். நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கைகளால் கசக்கி அலசுங்கள். மணல் அடியில் தங்கும், அதனால் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டாமல் பாசியை மேலாக அள்ளி எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஐந்தாறு தண்ணீர் மாற்ற வேண்டிவரும். ஒரு இழையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. ரத்த அழுத்தம் இருக்கிறவருக்கு இதில் சோம்பல் படக்கூடாது.

அலசியதை வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் மறுபடி நனைத்து மறுபடி வெயில். இரண்டு மூன்று நாளில் கருஞ்சிவப்பு போய் வைக்கோல் நிறம் வரும், கடல் நாற்றமும் போகும். இந்த வெளுப்பு வேலையை விட்டுவிட்டு நேராகக் காய்ச்சினால் வரும் கஞ்சியைப் பெரியவர் மூக்கருகில்கூடக் கொண்டுபோக மாட்டார்.

வெளுத்துக் காய்ந்த பாசி 20 கிராம், தண்ணீர் 1 லிட்டர். ஒரு மணி நேரம் ஊறவைத்து, பொடியாக நறுக்கி, மூடிபோட்டுச் சிறு தீயில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். இடையில் தண்ணீர் சுண்டினால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். கரண்டியில் எடுத்து ஊற்றினால் கொழகொழவென்று கம்பியாக இறங்க வேண்டும். கொதி அடங்குவதற்குள் மல்துணியில் வடிகட்டிப் பிழிந்துவிடுங்கள். ஆறவிட்டால் துணியிலேயே உறைந்து நிற்கும், பிறகு ஒரு சொட்டு இறங்காது.

கஞ்சியாகவே வேண்டுமென்றால் நொய்யரிசி 100 கிராமோடு வெளுத்த பாசி 10 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், இரண்டு பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம். பாசியைத் தனியாக அரை மணி நேரம் வேகவிட்டு அதன்பின் அரிசியைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்து அடிபிடிக்கும், பாசி நார் நாராகவே நிற்கும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கஞ்சிப்பாசிச் சாறு சைனா கிராஸ் மாதிரி கத்தியால் வெட்டுகிற அளவுக்கு இறுகாது. அதன் அகரில் சல்பேட் அதிகம். ஆலைகளில் காரக் (ஆல்கலி) கரைசலில் சூடாக்கி அதைக் குறைத்துத்தான் இறுக்கம் ஏற்றுகிறார்கள். வீட்டில் தளதளவென்று வந்தால் அதுதான் சரியான பதம், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். மரிக்கொழுந்துப் பாசி கிடைத்தால் அது நன்றாக இறுகும்.

---

மருந்துச்சீட்டு

வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு, எப்போது என்பது தானாகப் புரியும்.

அகரைச் சிறுகுடல் செரிக்காது. அது பிடித்துவைத்திருக்கிற தண்ணீரோடு பெருங்குடல் வரைக்கும் போகிறது. அங்கே மலத்துக்குப் பருமனும் ஈரமும் கொடுக்கிறது. மலம் இளகினால் முக்க வேண்டாம். முக்காவிட்டால் மூலநாளத்தில் அழுத்தம் ஏறாது, உரசிக் கிழிவதும் குறையும். பாசி மூலத்துக்குச் செய்கிற உதவி இவ்வளவுதான். வீங்கிய நாளத்தைச் சுருக்குகிற சக்தி எதுவும் அதில் இல்லை. "மூலச்சூடு தணிகிறது" என்று நோயாளி உணர்வது எரிச்சல் குறைவதால்.

நார்ச்சத்து மூலத்துக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 7 ஆய்வுகள், 378 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பில் ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அது இசப்கோல் மாதிரியான நார்களை வைத்துச் செய்தது. கடல்பாசியை வைத்து மூலத்துக்குச் செய்ததாக நினைத்துவிட வேண்டாம். அகர் அதே வழியில் வேலை செய்கிற நார், அதனால் மாற்றாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் இங்கே நாம் எடுக்கிற முடிவு. சீன வைத்தியத்தில் ஜெலிடியம் என்ற பாசியை வேகவைத்து, நாட்டுச்சர்க்கரை போட்டு, நாள்பட்ட மலச்சிக்கலுக்கும் மூலத்தில் ரத்தம் போவதற்கும் கொடுப்பது உண்டு. நம் மரிக்கொழுந்துப் பாசி அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் நம் ஊரில் மூலத்துக்கு என்று வழிவழியாகச் சொல்லப்படுவது துத்தியும் கருணைக்கிழங்கும்தான்.

அளவு: பழைய மருந்தகக் கணக்கில் அகர் ஒரு நாளைக்கு 4 கிராமிலிருந்து தொடங்கும். தொடக்கத்திலேயே அதற்குப் போகாதீர்கள், உப்புசம் உள்ளவருக்கு அது கூடும். 10 கிராம் சைனா கிராஸை 1 லிட்டரில் காய்ச்சினால் 200 மில்லி கிண்ணத்தில் 2 கிராம் இருக்கும். முதல் நான்கைந்து நாள் அரைக்கிண்ணம் ஒரு வேளை. அடுத்த வாரம் முழுக் கிண்ணம். அதற்குப் பிறகு காலை பதினொன்றுக்கு ஒரு கிண்ணம், மாலை ஐந்துக்கு ஒரு கிண்ணம், மொத்தம் 4 கிராம். அங்கேயே நில்லுங்கள். கஞ்சிப்பாசியில் எவ்வளவு அகர் இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை, அதனால் மலத்தின் இளக்கத்தைப் பார்த்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். அளவு நிச்சயமாக வேண்டும் என்றால் சைனா கிராஸ்தான் வசதி.

4 கிராம் என்பது ஒரு நாளைய தேவையில் சிறு பங்குதான். பெரியவர்களுக்கு நாளைக்கு 30 கிராம் அளவுக்கு நார் வேண்டும். கீரை, அவரை, கொய்யா, தோல் நீக்காத பயறு, கேழ்வரகு இவையெல்லாம் தட்டில் இல்லாமல் கிண்ணம் பாசியை மட்டும் நம்பினால் மலம் அசையாது.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒவ்வொரு கிண்ணத்தோடும் ஒரு டம்ளர் தண்ணீர். மருத்துவர் இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு கட்டுப்படுத்தியிருந்தால் பாசியைத் தொடும் முன் அவரைக் கேளுங்கள். காய்ந்த அகர் பொடியை அப்படியே வாயில் போடுவதும், மாத்திரையாக விழுங்குவதும் கூடவே கூடாது. உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொள்ளும். இசப்கோல் தொண்டையில் நிற்கிறது என்று சொல்கிறாரே, அதைச் சாதாரணமாக விடாதீர்கள். சோறு, தோசை விழுங்கும்போதும் நிற்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் விழுங்குவதிலேயே சிக்கல் இருக்கலாம், நார் கொடுப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தைராய்டு மாத்திரைக்கும் பாசிக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நார் அந்த மருந்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேராது. மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். நான் சொன்ன பதினொன்று, ஐந்து என்ற நேரக் கணக்கு இதற்காகத்தான். காலை ஆறரைக்குள் தைராய்டு மாத்திரை, இரவு எட்டரைக்கு மேல் அழுத்த மாத்திரை என்றால் இரண்டும் மோதாது.

குடல் அடைப்பு வந்தவர்கள், குடல் சுருங்கியிருப்பவர்கள், வயிற்று அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் இருப்பவர்கள் இதை எடுக்கக் கூடாது. மலம் மூன்று நாளாக வராமல் வயிறு வீங்கி வாந்தியும் இருந்தால் நார் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். கறுத்த மலம், ரத்தம் கட்டியாக வருவது, எடை குறைவது, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறுவது இவை இருந்தால், பரிசோதனை முடிந்திருந்தாலும் மறுபடி காட்டுங்கள்.

---

நோன்புப்பந்தி

சைனா கிராஸ் பக்குவத்தை நான் சொல்கிறேன். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் நோன்பு மாதத்தில் சைனா கிராஸில் செய்கிற கடல்பாசி இனிப்பு இல்லாத வீடு குறைவு. அதே பக்குவம்தான், சர்க்கரையை மட்டும் குறைக்க வேண்டும்.

10 கிராம் பாக்கெட்டைக் கத்தரியால் விரல் நீளத்துக்கு வெட்டி, முங்கும் அளவு பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். பிழிந்து எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் போட்டு நடுத்தீயில் வையுங்கள். கொதி வந்தபிறகு எட்டிலிருந்து பத்து நிமிடம், விடாமல் கிளற வேண்டும். கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி ஒன்றுகூடத் தெரியக் கூடாது. அகர் கரைவதற்கு நல்ல கொதிநிலை வேண்டும், வெந்நீரில் போட்டுக் கலக்கினால் கரையாது. கரையாத நூலோடு இறக்கினால் மேலே தண்ணீரும் அடியில் திப்பியுமாக நிற்கும். எதற்கும் வடிகட்டிவிடுவது நல்லது.

இது ஏறக்குறைய 35 டிகிரிக்கு இறங்கினாலே உறையும், அதனால் குளிர்பெட்டி இல்லாமல் சமையல்மேடையிலேயே உறைந்துவிடும். ஒருமுறை உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வயிற்றுச் சூட்டில் உருகாது. ஆகவே பெரியவர் நன்றாக மென்று விழுங்க வேண்டும், துண்டு துண்டாகச் சறுக்கி உள்ளே போகக் கூடாது. பல் சரியில்லாதவர் என்றால் தட்டில் ஊற்றி உறையவிடாதீர்கள். பாத்திரத்தில் வைத்து, ஆறுகிறவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மத்தால் அடித்துக்கொண்டே இருங்கள். கெட்டி மோர் மாதிரி வரும், டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். இசப்கோல் வழவழப்பு இதில் இருக்காது.

பலரும் தவறவிடுகிற இடம் புளிப்பு. எலுமிச்சை, நன்னாரி சர்பத், மாதுளைச்சாறு எதுவானாலும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகர் அறுந்து போய் உறையாமல் நீர்த்துவிடும். ஒரு லிட்டருக்கு அரை மூடி எலுமிச்சைக்கு மேல் போகாதீர்கள். நெஞ்சு கரிப்பு இருப்பவருக்கு எலுமிச்சையே வேண்டாம், ஏலக்காய் இரண்டு தட்டிப்போட்டால் போதும்.

பால் ஊற்றிச் செய்தால் ருசி கூடும். ஆனால் உப்புசத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பாலாகவே இருக்கலாம், அதனால் முதல் இரண்டு வாரம் பால் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். இளநீர் ஊற்றுவதானால் 700 மில்லி தண்ணீரில் சைனா கிராஸைக் காய்ச்சி, இறக்கியபின் 300 மில்லி இளநீர் கலக்க வேண்டும். இளநீரில் போட்டே கொதிக்கவிட்டால் அதன் வாசனை போய்விடும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கு இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவர்கள் தவிர்க்க வேண்டும்.

குளிர்பெட்டியில் மூடிவைத்தால் இரண்டு நாள், பால் சேர்த்தது ஒரு நாள். மேலே தண்ணீர் கசிந்து நிற்பது இயல்பு. புளித்த வாடையோ நூல் நூலாக இழுப்போ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

---

புத்தளம் களப்பு

ஒரு சின்னச் சேர்க்கை. கஞ்சிப்பாசி வெளுக்கிற முறை எங்கட பக்கத்திலும் பழசு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்துநூல்களில் இதே இனப் பாசி "சிலோன் மாஸ்" என்ற பெயரில் வருகிறது. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அடிச்சுப் பிய்த்துப் போடுகிற பாசியைச் சேர்த்து, பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிட்டு, நல்ல தண்ணியில் பலமுறை அலசி, திரும்ப வெயிலில் போட்டு வெளுப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. தீவுக்கரை சொன்ன முறைதான் அப்படியே. நோய்ப்பட்டுத் தேறி வாறவர்களுக்கும் வயிறு சரியில்லாதவர்களுக்கும் இலேசான ஆகாரமாகத்தான் அதைப் பாவித்தார்கள். மூல வைத்தியம் என்று பிரித்து வைத்ததில்லை. அது வயிற்றைக் கனக்கப்பண்ணாத உணவு என்ற நினைப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. இதை மருந்தென்று கரண்டிக் கணக்கில் விழுங்குவதைவிட, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து அந்த இடத்தில் பாசி சேர்த்த நொய்க்கஞ்சி குடிப்பது உப்புசத்துக்கும் நல்லது.

காய்ச்சும்போது ஒரு நுணுக்கம்: வெளுத்த பாசியை நல்லாக் காயவிட்டு உரலிலோ மிக்சியிலோ கொரகொரவென்று பொடித்துக்கொண்டால் ஒரு மணி நேர வேலை 25, 30 நிமிசத்தில் முடியும். விறகும் மிச்சம். பொடி ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப் புகாத போத்தலில் வைக்க வேணும்.

---

வேலிப்பருத்தி

எல்லாருக்கும் நன்றி. தொண்டை விஷயத்தைக் கேட்டுப் பார்த்தேன். சோறு, இட்லி எல்லாம் தடையில்லாமல் இறங்குகிறதாம், இசப்கோலின் வழவழப்புதான் பிடிக்கவில்லையாம். இன்னும் மூன்று சந்தேகம். மூட்டையில் பாதி கறுத்த ஊதா நிறம், பாதி வெள்ளை. வெள்ளையாக இருப்பதில் கொஞ்சம் மீன் வாடை அடிக்கிறது, அது சரிதானா? அடுத்தது, நெஞ்சு கரிப்புக்குப் பழுப்புப் பாசிப் பொடி அடைத்த மாத்திரை என்று இணையத்தில் விற்கிறார்கள், அது இதைவிட நல்லதா? உறைந்த பாசியை மூலத்தின் மேலேயே குளிர்ச்சிக்கு வைத்துக் கட்டலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

---

தீவுக்கரை

ஊதா நிறம் இன்னும் வெளுக்காத பாசி, பயமில்லை. வெள்ளையில் மீன் வாடை அடிக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. அலசாமல் வெயிலில் மட்டும் வெளுத்தது, அல்லது ஈரத்தோடு மூட்டை கட்டி உள்ளே அழுகத் தொடங்கியது. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடத்தில் இழை விறைப்பாக விரிந்தால் அலசிப் பயன்படுத்தலாம். கையில் நசுங்கிக் கூழானால், தண்ணீர் கலங்கி நாறினால், முழு மூட்டையையும் தென்னைக்கு உரமாகப் போட்டுவிடுங்கள். அதில் பாதியைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பச்சைப் பாசியை யாராவது அள்ளிக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். 1991 ஏப்ரலில் குவாம் தீவில் கஞ்சிப்பாசி வகையைச் சேர்ந்த பாசியைச் சாப்பிட்டு 13 பேர் நோய்ப்பட்டு 3 பேர் இறந்தார்கள். பாலிகேவர்னோசைடு என்ற நஞ்சுதான் காரணம். அங்கே அதைச் சாப்பிடுவது அதற்கு முன்பும் வழக்கம்தான். அபூர்வமான சம்பவம், ஆனால் எந்தப் பாசி, எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் வாயில் வைக்கக் கூடாது என்பதற்கு அது போதும். சாக்கடை கலக்கிற கழிமுகம், துறைமுக ஓரம் இங்கே வளர்கிற பாசி கன உலோகத்தையும் இழுத்துவைத்திருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே போய் எடுப்பதற்கு அனுமதி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

---

மருந்துச்சீட்டு

பழுப்புப் பாசி மாத்திரையை வாங்காதீர்கள். குறிப்பாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாள் அயோடின் தேவை 150 மைக்ரோகிராம். கெல்ப், கொம்பு (ஜப்பானியர் சமையலில் சேர்ப்பது) மாதிரியான பழுப்புப் பாசி 1 கிராமிலேயே இது பல மடங்கு இருக்கும், அதுவும் சரக்குக்குச் சரக்கு மாறும். அயோடின் திடீரென்று கூடினால் தைராய்டு சுரப்பு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம், மாத்திரை அளவே குழம்பிவிடும். அலசி, வெளுத்து, காய்ச்சி வடித்த சிவப்புப் பாசியிலும் சைனா கிராஸிலும் அயோடின் அந்த அளவுக்கு இருக்காது. இருந்தாலும் தினமும் கொடுக்கத் தொடங்கினால் ஆறு வாரம், எட்டு வாரத்தில் ஒரு டிஎஸ்ஹெச் (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். கட்டக்கோரை இனத்தில் ஆர்செனிக் சிக்கலும் உண்டு. அதே இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன், கனடா உணவுத்துறைகளே எச்சரித்திருக்கின்றன.

நெஞ்சு கரிப்புக்குப் பழுப்புப் பாசி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், அதிலிருந்து எடுக்கிற சோடியம் ஆல்ஜினேட் உண்மையிலேயே மருந்து. சோடா உப்போடு சேர்த்த திரவமாக மருந்துக்கடையில் கிடைக்கிறது. வயிற்று அமிலத்தில் பட்டதும் அது கூழாகத் திரண்டு, உள்ளே உண்டாகிற வாயுவால் மேலே மிதந்து, அமிலம் மேலேறாமல் மூடிபோல நிற்கும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுப்பதுதான் முறை, வெறும் வயிற்றில் எடுத்தால் சீக்கிரம் கீழே இறங்கி வீணாகும். ஆனால் ஆல்ஜினேட்டைப் பிரிக்கக் காரம் வேண்டும், வீட்டில் பாசியைக் காய்ச்சுவதால் அது கிடைக்காது. பொடித்து அடைத்த மாத்திரைக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால் ஆல்ஜினேட் திரவத்திலுள்ள சோடியம் அளவை மருந்தாளுநரிடம் கேட்டு வாங்குங்கள். அகர்க் கூழ் இந்த மூடி வேலையைச் செய்யாது, ஆகவே கரிப்புக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரிப்பு தொடர்ந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மேலே வைத்துக் கட்டுவது வேண்டாம். குளிர்ச்சி கிடைப்பது உண்மைதான், ஆனால் அது ஈரத்துணியிலும் கிடைக்கும். 1882-லிருந்து ஆய்வகங்களில் கிருமி வளர்ப்பதற்கு அகர்த் தட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஈரத்தைப் பிடித்து நிற்கிற கூழ், ரத்தம் கசிகிற புண், மலம் படுகிற இடம், மூன்றும் சேர்ந்தால் சீழ் பிடிக்க வாய்ப்பு. சர்க்கரையோ பாலோ கலந்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக அகன்ற தொட்டியில் கை பொறுக்கிற வெதுவெதுப்பில் தண்ணீர் ஊற்றி, மலம் கழித்தபின் 10, 15 நிமிடம் உட்காரச் சொல்லுங்கள், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. உப்பு, டெட்டால் எதுவும் கலக்க வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள். வராவிட்டால் எழுந்து வந்து, உந்தல் வரும்போது மறுபடி போகலாம். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்து முழங்கால் இடுப்புக்கு மேலே இருக்கும்படி செய்தால் முக்குவது குறையும்.

இரண்டு வாரத்தில் மலம் இளக வேண்டும். ரத்தம் நிற்க நான்கைந்து வாரம் ஆகலாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் சொட்டுவது நிற்கவில்லையென்றால் பாசி அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். இரண்டாம் நிலை மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவது வெளிநோயாளியாகவே முடிகிற சிறு சிகிச்சை, அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

---

நோன்புப்பந்தி

நார் கூட்டின முதல் வாரம் வாயு கொஞ்சம் கூடத்தான் செய்யும், பயந்து நிறுத்த வேண்டாம். அந்த வாரம் மொச்சை, முட்டைக்கோஸ், பலாக்கொட்டையைத் தள்ளிவையுங்கள். பாசியோடு சீரகத் தண்ணீர் கொடுங்கள்: அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சீரகம், ஐந்து நிமிடக் கொதி, வடிகட்டியது.

இனிப்பு வேண்டுமென்றால் லிட்டருக்குப் பனங்கற்கண்டு 40 கிராம் போதும். சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் வேண்டாம். அவர்களுக்கு உப்புப் பக்குவம் நன்றாக இருக்கும். 10 கிராம் சைனா கிராஸை 600 மில்லி தண்ணீரில் காய்ச்சி, கைச்சூட்டுக்கு இறங்கும்போது, உறைவதற்குள், 400 மில்லி புளிக்காத மோர், இஞ்சிச்சாறு ஒரு தேக்கரண்டி, கால் தேக்கரண்டி பெருங்காயத்தூள், கறிவேப்பிலை சேர்த்து அடித்துவிடுங்கள். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மோர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. குளிர்ந்த மோரை ஊற்றினால் பட்ட இடத்தில் அகர் உடனே உறைந்து கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு அடித்தாலும் கலக்காது. அப்படி ஆகிவிட்டால் மோரோடு சேர்த்து மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், திரிந்துவிடும். கட்டிகளை வடித்தெடுத்து, 100 மில்லி தண்ணீர் விட்டுத் தனியாகக் கொதிக்கவைத்துக் கரைத்து, வெளியே வைத்துக் குளிர் விட்ட மோரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள்.